வானம் பார்க்கப் புத்தகம் வேண்டுமா, ஃபோன் போதாதா?

ஜனவரி 4, 2025, மாலை 6.50 – கேள்வி

போன மாதம் ஒரு 10×50 பைனாகுலர் வாங்கினேன். நட்சத்திரங்களை அடையாளம் கண்டுபிடிக்க வழிகாட்டிப் புத்தகம் ஒன்றும் வாங்கலாம் என்று இருந்தேன். நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஃபோனை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் எது என்னவென்று அதுவே சொல்லிவிடும், அச்சுப் புத்தகம் கைக்கு வரும்போதே பழசாகிவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. இன்னமும் புத்தகம் வைத்து வானம் பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இருந்தால், எதற்காக?

ஜனவரி 4, இரவு 11.40

இருக்கிறேன். எதற்காக என்பதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

ஃபோன் பெயரைச் சொல்லும். அந்த இடத்தில் உங்கள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று சொல்லாது. இந்த வித்தியாசம் புரியாமல் நான் ஒரு பருவம் முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

என் முதல் புத்தகம் பளபளப்பான தாளில் வண்ணப் படங்கள் நிறைந்தது. ஆண்ட்ரோமீடா கேலக்ஸிக்கு முழுப்பக்கப் படம்: நடுவில் பொன்னிறம், சுற்றிலும் நீலச் சுருள்கள், ஊடே கருந்தூசிக் கோடுகள். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தேடினேன். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து ஒரு பெரிய சதுரம் அமைக்கும் அல்லவா, அதன் வடகிழக்கு மூலையிலிருந்து புறப்பட்டு, மிராக் என்ற நட்சத்திரத்துக்கு வந்து, அங்கே திரும்பி மங்கலான இரண்டு நட்சத்திரங்களைத் தாண்டினால் போதும். வழியைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் நீலமும் இல்லை, சுருளும் இல்லை. ஐபீஸில், அதாவது தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், வெளிறிய ஒரு கறை இருந்தது. மூச்சுக்காற்று பட்டு ஆவி படிந்துவிட்டது என்று நினைத்துத் துடைத்தேன். மறுநாளும் அதே கறை. மறுபடியும் துடைத்தேன். இப்படியே வாரக்கணக்கில் போயிற்று.

அப்புறம் படமே இல்லாத ஒரு மெல்லிய புத்தகம் கைக்கு வந்தது. அதில் ஆண்ட்ரோமீடாவுக்கு ஒரே ஒரு பத்தி. 1612-இல் சைமன் மாரியஸ் என்பவர் இதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, கொம்புத் தகட்டுக்குப் பின்னால் எரியும் மெழுகுவர்த்தி போலிருப்பதாகச் சொன்னார் என்று இருந்தது. அந்தக் காலத்து விளக்குகளில் கண்ணாடிக்குப் பதிலாக மாட்டுக்கொம்பை மெல்லிசாகச் சீவிப் பொருத்துவார்கள். சுடர் தெரியாது, அதன் வெளிச்சம் மட்டும் மங்கலாகக் கசியும். படித்த கையோடு மாடிக்கு ஓடினேன். நான் துடைத்துத் துடைத்துப் பார்த்த கறைதான் அது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வந்த வெளிச்சத்தைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எந்த ஆப்பும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. ஆப்பில் அந்த இடத்தைத் தொட்டால் வருவதும் அதே நீலச் சுருள் படம்தான்.

ஜனவரி 5, காலை 7.15

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். படம் ஏன் ஏமாற்றுகிறது என்பது. கேமரா மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்துவைக்கிறது, கண்ணுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அதோடு, மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்கிற கண் செல்களுக்கு நிறமும் தெரியாது. அதனால் நெபுலா என்கிற விண்மேகமும் கேலக்ஸி என்கிற நட்சத்திரத் திரளும் நமக்குச் சாம்பல் நிறப் புகைதான். இதை முதல் அத்தியாயத்திலேயே உடைத்துச் சொல்லாத புத்தகத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

என்ன வாங்கலாம் என்று கீழே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்யும் சோதனை இது: எம் 1 பக்கத்தைத் திறந்து பாருங்கள் (எம் என்பது மெஸ்ஸியே என்ற வானியலாளர் போட்ட பட்டியலின் எண்). நண்டு நெபுலா. படத்தில் நரம்பு நரம்பாகச் சிவப்பும் நீலமும் பின்னிக் கிடக்கும். சிறிய தொலைநோக்கியில் தெரிவது நீள்வட்டமான ஒரு புகைத் திட்டு, அவ்வளவுதான். இது மங்கலானது, நிலா இல்லாத இரவில்தான் முயல வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தால் எழுதியவர் தானே பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஐபீஸில் தெரிகிறபடியே பென்சிலால் வரைந்து போடும் புத்தகங்கள் உண்டு. 'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்' என்று 1989-இல் கை கான்சல்மேக்னோவும் டான் டேவிஸும் எழுதியது அந்த வகைக்கு நல்ல உதாரணம். ஃபைண்டரில் (தொலைநோக்கியின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் சின்னக் குழாய்) எப்படித் தெரியும், தொலைநோக்கியில் எப்படித் தெரியும் என்று தனித்தனியாக வரைந்திருப்பார்கள். முதல் தடவை அந்தப் படங்களைப் பார்க்கும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பென்சில் புள்ளிகள் மேல் பெரிய மரியாதை வந்துவிடும்.

ஜனவரி 7, இரவு 9.05

ரிஷபத்தில் ஒரு நட்சத்திரம் கூடுதலாக இருக்கிறது, ரோகிணியைவிடப் பல மடங்கு பிரகாசம், புத்தகத்தில் இல்லை, புத்தகம் தப்பா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தப்பில்லை. அது வியாழன். இந்த மாதம் முழுவதும் ரோகிணிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கு அருகே சிவப்பாக ஒன்று இருக்கிறதே, அது செவ்வாய். கோள்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அச்சிட்ட நட்சத்திர வரைபடத்தில் அவற்றைப் போட முடியாது. வரைபடத்தின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு வளைந்து போகும், பார்த்திருப்பீர்கள். சூரியனின் பாதை. அந்தக் கோட்டை ஒட்டி, படத்தில் இல்லாத பிரகாசமான நட்சத்திரம் ஒன்று நின்றால் அது கோளாகத்தான் இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் ஃபோனை மிஞ்ச எதுவும் இல்லை. முதல் குறிப்பில் ஃபோனைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டேன் என்று தோன்றுகிறது. இன்றைக்கு எந்தக் கோள் எங்கே, நிலா எப்போது மறையும் என்பதற்கெல்லாம் நானும் ஃபோனைத்தான் பார்க்கிறேன்.

ஜனவரி 8, இரவு 10.30

தொலைநோக்கி வைத்திருப்பவர் கேட்டதற்கு: ஐபீஸில் தெரிவது புத்தகத்துக்கு நேர்மாறாக இருந்தால் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாகிவிடும். நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

ஜனவரி 9, இரவு 11.10

நேற்று எழுதியது பாதிதான் சரி. என்னிடம் இருப்பது கண்ணாடி வைத்த 6 அங்குல நியூட்டன் வகைத் தொலைநோக்கி. அதில் மேல் கீழ், இடம் வலம் இரண்டுமே மாறும், அதாவது படம் அரைவட்டம் சுழன்றிருக்கும். புத்தகத்தையும் அரைவட்டம் சுழற்றினால் பொருந்திவிடும். கேட்டவரிடம் இருப்பதோ லென்ஸ் வகை, பின்னால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் மூலைக்கண்ணாடி பொருத்தியது. அதில் ஒரே ஒரு பிரதிபலிப்பு கூடுதல் என்பதால் கண்ணாடியில் பார்க்கும் எழுத்துப் போல இடம் வலம் மாறிவிடும். அதைப் புத்தகத்தை எப்படித் திருப்பினாலும் சரிசெய்ய முடியாது. அவர் நேற்று இரவு அரை மணி நேரம் புத்தகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். என்னால்தான். மன்னிக்க வேண்டும்.

வழி இருக்கிறது. தேடும் இடத்தின் பத்துப் பன்னிரண்டு நட்சத்திரங்களை மட்டும் மெல்லிய தாளில் புள்ளி வைத்து எடுங்கள். தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள், கீழிருந்து சிவப்பு விளக்கைப் பிடித்தால் புள்ளிகள் ஊடுருவித் தெரியும். ஐபீஸில் தெரிவதும் அதுவும் ஒன்றாக இருக்கும். இன்று மிதுனத்தின் பாதத்தில் உள்ள எம் 35 நட்சத்திரக் கொத்துக்கு இப்படி ஒரு தாள் செய்து, நண்பர் ஒருவரின் லென்ஸ் தொலைநோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நிலா வெளிச்சம் அதிகம், ஆனாலும் பொருந்தியது.

இழையைத் தொடங்கியவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. பைனாகுலரில் எல்லாம் நேராகத் தெரியும். முதல் வருடம் பைனாகுலரோடு போதும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 13, இரவு 10.00

பௌர்ணமி. மங்கலான எதையும் இன்று பார்க்க முடியாது. புத்தகம் பழசாகிவிடாதா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

எதெது பழசாகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பூமியின் அச்சு மெதுவாகத் தள்ளாடுவதால் வரைபடத்தின் கட்டக்கோடுகள் சுமார் 72 வருடத்துக்கு ஒரு பாகை நகர்கின்றன. நகர்வது கோடுகள்தான். நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் வடிவம் மனித ஆயுளுக்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறுவதில்லை. பள்ளி ஆசிரியர் ஆர்தர் நார்ட்டன் 1910-இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகலாம். டி. டபிள்யூ. வெப் என்ற பாதிரியார் சாதாரணத் தொலைநோக்கிக்காரர்களுக்கென்று 1859-இல் எழுதிய புத்தகத்தில் உள்ள வர்ணனைகள் இன்றும் உபயோகப்படும். அவர் கண்ணும் நம் கண்ணும் ஒன்றுதானே.

பழசாவது இரட்டை நட்சத்திரங்கள். கன்னி ராசியில் போரிமா என்று ஒன்று. இரண்டு சூரியன்கள் 169 வருடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதியவர்கள் எல்லாரும் சிறிய தொலைநோக்கிக்கு இது எளிதாகப் பிரியும் ஜோடி என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மை. 2005-இல் இரண்டும் மிக நெருங்கி வந்து, சிறிய தொலைநோக்கிகளில் ஒற்றைப் புள்ளி ஆகிவிட்டன. அந்த வருடம் பழைய புத்தகத்தை நம்பிப் பார்த்தவர் தன் தொலைநோக்கியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். இப்போது மறுபடி விலகிவிட்டன, நல்ல இரவில் பிரித்துப் பார்க்கலாம். ஆக, இரட்டை நட்சத்திரத்துக்கு ஒரு புத்தகம் இடைவெளி சொன்னால் அது எந்த வருடத்துக் கணக்கு என்றும் சொல்ல வேண்டும்.

பழைய புத்தகம் என்றதும் ராபர்ட் பர்னம் ஜூனியரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லோவெல் வானாய்வகத்தில் நட்சத்திரங்களின் நகர்வை அளக்கும் வேலையில் இருந்தவர். அவருடைய கையேடு 1978-இல் மூன்று பாகங்களாக வந்தது, மொத்தம் 2,000 பக்கத்துக்கு மேல். அகர வரிசையில் ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டமாக எடுத்து, முதலில் வறண்ட பட்டியல், அதன் பிறகு கவிதையும் புராணமும் பழைய நாணயமும் கலந்து நீளமான கட்டுரை. சூரியக் குடும்பம் அறவே கிடையாது. வெளியே எடுத்துப் போகிற புத்தகம் இல்லை, இது மாதிரி நிலா நிறைந்த இரவில் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற புத்தகம். லோவெல் வேலை 1979-இல் முடிந்த பிறகு அவர் வறுமையில் வாழ்ந்தார். சான் டியாகோவின் பால்போவா பூங்காவில் பூனை ஓவியங்களை விற்றுக்கொண்டிருந்தார், 1993-இல் இறந்துபோனார். அவருடைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வானம் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் இருந்தது. எனக்கு இது ஆறவே இல்லை.

ஜனவரி 14, காலை 6.40

ஒரு திருத்தம். நட்சத்திரங்களின் வடிவம் மாறுவதில்லை என்று எழுதினேன், பிரகாசமும் மாறாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவாதிரை 2020 பிப்ரவரியில் எந்த அளவுக்கு மங்கியது என்பது பலருக்கு நினைவிருக்கும். புத்தகத்தில் அதைப் பெரிய புள்ளியாகப் போட்டிருந்தார்கள், வானத்தில் அது மங்கிய விளக்கு மாதிரி நின்றது.

ஜனவரி 19, இரவு 8.20

நேற்று மாலை வெள்ளியும் சனியும் மேற்கில் சுமார் 2 பாகை இடைவெளியில் நின்றன. பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

சிலர் முதல் தடவையாகச் சனியைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, வளையம் எங்கே, ஊசியில் கோத்த மணி மாதிரி இருக்கிறதே என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாப் புத்தகத்தின் அட்டையிலும் விரிந்த வளையம்தானே. ஆனால் சனி 29 வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் சூரியனைச் சுற்றும்போது இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பிவிடுகிறது. வரும் மார்ச் 23 அப்படி ஒரு நாள், ஆனால் அப்போது சனி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் பார்க்க வாய்க்காது. இப்போதே வளையம் மெலிந்து ஒரு கோடாகிவிட்டது. கலிலியோ 1610-இல் சனிக்கு இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், 1612-இல் அவை காணாமல் போனதும் திகைத்துப் போனார். கிட்டத்தட்ட அதே காட்சிதான் உங்களுக்கும் கிடைத்திருக்கிறது. ஏமாற்றம் வேண்டாம். இந்த வருடத்தை விட்டால் இந்த மெல்லிய கோட்டை மறுபடி பார்க்கச் சுமார் 13 வருடம் காத்திருக்க வேண்டும்.

என் கையில் இருக்கும் புத்தகங்களில் ஒன்றே ஒன்றுதான் வளையம் எந்த வருடம் எப்படிச் சாய்ந்திருக்கும் என்று சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் போட்டிருக்கிறது. அரைப் பக்கம்தான் அது. எவ்வளவு பேருடைய ஏமாற்றத்தை அந்த அரைப் பக்கம் தவிர்த்திருக்கும்.

ஜனவரி 22, மாலை 7.00

இதுவரை யாரும் கேட்காத ஒன்று. புத்தகம் எந்த அட்சரேகைக்காக எழுதப்பட்டது?

பெரும்பாலான ஆங்கில வழிகாட்டிகள் வடக்கே 40 முதல் 50 பாகைக்குள் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் அட்சரேகை. 45 பாகையில் இருப்பவருக்கு அது பாதி வானத்தில் நிற்கும், 10 பாகையில் இருப்பவருக்கு மரக்கிளைக்குள் ஒளிந்திருக்கும். அந்தப் புத்தகங்கள் காசியோபியா எப்போதும் மறையாது என்று சொல்லும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவருக்கு அது உதித்து மறைகிற கூட்டம். ஒமேகா செண்டாரி மாதிரியான பிரமாதமான நட்சத்திரக் கொத்து பின்னிணைப்பில் ஒரு வரியோடு போய்விடும், அகத்திய நட்சத்திரத்துக்குக்கூட அதே கதிதான், முழு வானத்திலும் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். 'குளிர்கால வானம்' என்று தலைப்புப் போட்ட அத்தியாயம் தெற்கு அரைக்கோளத்தில் வாழ்பவருக்குக் கோடையில் தேவைப்படும்.

இதனால் அந்தப் புத்தகங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுவான வட்டப் படங்களை மட்டும் உங்கள் அட்சரேகைக்கு வேறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்துக்கும் உள்ள தனிப் படங்கள் எங்கேயும் செல்லும்.

நேரம் பற்றி: படத்தில் ஜனவரி நடுவில் இரவு 10 மணி என்று போட்டிருந்தால் பிப்ரவரி நடுவில் 8 மணிக்கு அதே வானம் தெரியும். நாளைக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம். இது மனதில் பதிந்துவிட்டால் பன்னிரண்டு படங்கள் போதும்.

இன்னொன்று, நான் எல்லாப் புத்தகத்திலும் செய்வது. ஓரத்தில் நம் பெயர்களை எழுதிவிடுவேன். ஆல்டெபரான் பக்கத்தில் ரோகிணி, பெட்டல்ஜூஸ் பக்கத்தில் திருவாதிரை, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்டூரஸ் சுவாதி, அண்டாரஸ் கேட்டை. சிறு வயதிலிருந்து காதில் விழுந்த பெயர் ஒரு பக்கம், தலைக்கு மேல் எரிகிற புள்ளி ஒரு பக்கம் என்று இருந்தவை அந்த ஓரக்குறிப்பில்தான் எனக்கு ஒன்றாயின.

ஜனவரி 29, காலை 9.30

அமாவாசைக்கு முந்தின இரவு. மேகம் இல்லை. மூன்று மணி நேரம் இருந்தேன். புத்தகத்தை வெளியே எடுத்துப்போய் உபயோகிப்பது எப்படி என்று கேட்டவருக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போகும் முன்பே மூன்று இலக்குகள்தான் என்று தாளில் எழுதிக்கொண்டேன். பத்து எழுதினால் எதையும் நிதானமாகப் பார்க்க மாட்டோம். புத்தகத்தை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அந்தப் பக்கத்தை விரித்தபடி எடுத்துப்போனேன். பனியில் நனைந்து பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்த புத்தகம் ஒன்று என்னிடம் உண்டு. கம்பிச்சுருள் கட்டு இருந்தால் மடக்கிக் கையில் பிடிக்கலாம், தைத்த கட்டாக இருந்தால் காற்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் இருட்டில் ஒரு கையில் பைனாகுலரோடு நிற்கும்போது பெரிய விஷயம்.

விளக்கு சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது, மங்கலாகவும் இருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஃபோன் திரையை ஒருமுறை பார்த்தால் அந்த அரை மணி போச்சு. நான் டார்ச்சின் வாயில் சிவப்புத் துணியை நான்காக மடித்துக் கட்டியிருக்கிறேன். எழுத்து படிக்க முடிகிற குறைந்தபட்ச வெளிச்சம். ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையில் அச்சிட்டதெல்லாம் சிவப்பு வெளிச்சத்தில் மறைந்துவிடும், நெபுலாக்களைச் சிவப்பில் போட்டிருக்கும் என் புத்தகம் ஒன்று இரவில் அரைக் குருடு.

முதலில் எம் 41 என்ற நட்சத்திரக் கொத்து. சிரியஸை பைனாகுலரில் பிடித்து, அது பார்வையின் மேல் விளிம்புக்குப் போகும்வரை தெற்கே இறக்கினால் போதும், 4 பாகைதான். என் பைனாகுலரின் பார்வை வட்டம் 6.5 பாகை. வரைபடத்தின் அளவுக்கு அந்த 6.5 பாகையைக் கணக்குப் பண்ணி, மெல்லிய கம்பியை வளைத்து ஒரு வளையம் வைத்திருக்கிறேன். படத்தின் மேல் அந்த வளையத்தை நகர்த்தினால் எந்தெந்த நட்சத்திரம் ஒரே பார்வைக்குள் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். புத்தகத்தோடு யாரும் இதைத் தருவதில்லை, எல்லாரும் செய்துகொள்ளுங்கள். பைனாகுலர் இல்லாமல் வெறும் கண்ணால் அளக்க: கையை நீட்டிப் பிடித்த முஷ்டி 10 பாகை, சுண்டு விரல் 1 பாகை.

அடுத்து எம் 42, ஓரியன் நெபுலா. ஓரியனின் வாளில் இருப்பதால் தேடவே வேண்டாம். ஆனால் புத்தகம் சொன்னதால்தான் 6 அங்குலத்தில் நடுவே உள்ள நான்கு சின்ன நட்சத்திரங்களைப் பார்த்தேன். சொல்லாவிட்டால் புகையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன்.

மூன்றாவது எம் 1. இதற்குத்தான் ஒரு மணி நேரம். ரிஷபத்தின் ஒரு கொம்பு நுனியில் ஸீட்டா டாரி. அங்கிருந்து வடமேற்கே ஒரு பாகை, சுண்டு விரல் அகலம். நட்சத்திரத்தைப் பிடித்தேன், நகர்த்தினேன், ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கீழே ஒரு வரி: நேராகப் பார்க்காதே, சற்று ஓரத்தைப் பார். கண்ணின் நடுப்பகுதியில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. பார்வையைக் கொஞ்சம் விலக்கியதும் ஐபீஸின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு மெதுவாக எழுந்து வந்தது. நேராகப் பார்த்தால் மறைந்தது, விலக்கினால் வந்தது. தொலைநோக்கியைச் சற்று தட்டினேன், அதுவும் நட்சத்திரங்களோடு சேர்ந்து ஆடியது. அப்படியானால் கண்ணின் மயக்கம் இல்லை. 1054-இல் பகலிலேயே தெரிந்ததாகச் சீனர்கள் குறித்துவைத்த அந்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம். 1758-இல் வால் நட்சத்திரத்தைத் தேடிப் போன மெஸ்ஸியே இதைப் பார்த்துவிட்டு, இப்படி ஏமாற்றுபவற்றுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று தொடங்கியதுதான் 1781-இல் 103 வரை வளர்ந்தது. அவர் ஒதுக்கிவைக்கப் போட்ட பட்டியலைத்தான் நாம் தேடித் தேடிப் பார்க்கிறோம்.

ஜனவரி 29, மதியம் 1.10

தூங்கி எழுந்து மேலே உள்ளதைப் படித்தேன். புகைப்படங்களை மொத்தமாக ஒதுக்கியது தப்பு என்று இப்போது படுகிறது. நேற்று ரிஷபத்தின் கொம்பைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது ஒரு அகலக்கோணப் புகைப்படம். நட்சத்திரங்கள் வானத்தில் தெரிகிறபடியே சிறிதும் பெரிதுமாக, கோடு எதுவும் போடாமல், எதிர்ப் பக்கத்தில் அதே இடம் கோடுகளோடு. கோடு போட்ட படம் மட்டும் இருந்தால் நாம் கோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவோம். நெபுலாவின் நெருக்கப் படத்தைத்தான் நான் எதிர்க்கிறேன் என்று திருத்திக்கொள்கிறேன். நிலாவின் புகைப்படமும் நல்லதே, கண்ணுக்குத் தெரிவதும் அதுதான்.

பிப்ரவரி 1, இரவு 9.45

இழையைத் தொடங்கியவர் இன்று மாலை எழுதியிருப்பதைப் பார்த்தேன். பைனாகுலரில் மிராக்கிலிருந்து இரண்டு நட்சத்திரம் தாண்டியதும் 'ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையில் மிச்சமிருக்கும் சாக்பீஸ் மாதிரி' ஒன்று தெரிந்தது, அதுதானா என்று கேட்டிருக்கிறார். அதேதான்! கொம்பு விளக்கைப் பார்க்காத நம் ஆட்களுக்கு மாரியஸைவிட இது நன்றாகவே புரியும். ஆண்ட்ரோமீடா பக்கத்தின் ஓரத்தில் இப்போதே எழுதிவைத்துவிட்டேன்.

அடுத்தது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எம் 33 என்ற இன்னொரு கேலக்ஸி. மிராக்கிலிருந்து ஆண்ட்ரோமீடாவுக்கு எவ்வளவு தூரம் போனீர்களோ, கிட்டத்தட்ட அதே தூரம் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் இதன் பிரகாச எண் 5.7 என்று இருக்கும். எண் கூடக் கூட மங்கல், வெறும் கண்ணுக்கே 6 வரை தெரியுமே, பைனாகுலருக்குச் சுலபம் என்று நினைப்பீர்கள். அந்த எண் மொத்த வெளிச்சத்தையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் கணக்கு. எம் 33-இன் வெளிச்சம் நிலாவைவிடப் பெரிய பரப்பில் பரவிக் கிடப்பதால், நகர வானத்தில் இருந்த இடமே தெரியாது. எண்ணை மட்டும் போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விடும் புத்தகங்கள் நிறைய.

இன்று மேற்கில் பிறை இருக்கிறது, இனி இரண்டு வாரத்துக்கு மேல் நிலா வெளிச்சம் குறுக்கே நிற்கும். 20-ஆம் தேதிக்குப் பிறகு, முழுசாக இருட்டியதும் தாமதிக்காமல் மேற்கே பாருங்கள், சீக்கிரம் இறங்கிவிடும். கண்ணைப் பழக்கிக்கொண்டு, நேராகப் பார்க்காமல், பைனாகுலரை எதன் மேலாவது ஊன்றிப் பிடித்துக்கொண்டு. தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.